நோக்கியா புறப்பட்ட தடம்: போஹுமிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை

ஜெர்மனியின் ரூர் பகுதியில், போஹும் நகரிலிருந்து கெல்சென்கிர்ஷன் பக்கம் ஓடும் ஒரு சிறிய ரயில் தடத்துக்கு 2008 வரை 'நோக்கியா ரயில்' என்று பெயர். வழியிலுள்ள ரீம்கே நிலையத்தின் பெயரோடும் நோக்கியா ஒட்டிக்கொண்டிருந்தது. போஹுமிலிருந்த நோக்கியா கைப்பேசி ஆலை மூடப்பட்ட ஆண்டில் அந்தத் தடத்தின் பெயரை 'குளூக்அவுஃப் ரயில்' என்று மாற்றினார்கள். சுரங்கத்துக்குள் இறங்கும் தொழிலாளர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வாழ்த்து அது. போஹுமின் கடைசி நிலக்கரிச் சுரங்கமோ 1973-லேயே மூடப்பட்டுவிட்டது. போன தொழிலின் பெயரை அழித்துவிட்டு, அதற்கும் முன்னே போய்விட்ட தொழிலின் பெயரை எழுதிவைத்தது அந்த ஊர்.

ஒரு நிறுவனம் உற்பத்தியை வேறு நாட்டுக்குக் கொண்டுபோகும்போது, அங்கே வேலை பார்த்தவர்கள் கையில் என்ன மிஞ்சுகிறது? இந்தக் கேள்விக்கு நோக்கியாவைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது. ஆறே ஆண்டுகளில் ஒரே நிறுவனம், ஒரே பொருள். ஜெர்மனி, ருமேனியா, பின்லாந்து, இந்தியா என்று அடுத்தடுத்து ஆலைகள் மூடின. சட்டமும் சம்பளமும் நாட்டுக்கு நாடு வேறு. அதனால் ஒன்றை இன்னொன்றோடு வைத்துப் பார்க்க முடிகிறது. அப்படிப் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தோன்றுவது இது: ஆலை போவதைத் தடுக்கும் வலிமை தொழிலாளருக்கோ அரசுக்கோ பெரும்பாலும் இருப்பதில்லை. ஆனால் போவதற்கு நிறுவனம் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை முடிவு செய்யலாம். அதை ஆலை வரும் நாளிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

2008 ஜனவரி 15

போஹும் ஆலையை அந்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் மூடப்போவதாக நோக்கியா அன்று அறிவித்தது. நேரடி ஊழியர்கள் 2,300 பேர். இவர்களைத் தவிர, ஆள் அனுப்பும் நிறுவனங்கள் வழியாக வந்த தற்காலிகத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். உற்பத்தி ருமேனியாவுக்குப் போகிறது என்றார்கள்.

நட்டத்தில் தள்ளாடிய நிறுவனம் எடுத்த முடிவாக இருந்திருந்தால் ஊர் அழுதிருக்கும், ஆனால் இவ்வளவு கொதித்திருக்காது. அறிவிப்பு வந்து ஒன்பது நாளில் நோக்கியா தன் ஆண்டுக் கணக்கை வெளியிட்டது. 2007-இல் நிகர லாபம் 720 கோடி யூரோ. உலகில் விற்ற கைப்பேசிகளில் பத்துக்கு நான்கு அதனுடையவை. அதன் வரலாற்றிலேயே செழிப்பான காலம் அது.

கணக்கு வெளியாவதற்கு இரண்டு நாள் முன்பு, ஜனவரி 22 அன்று, சுமார் 15,000 பேர் போஹும் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். மத்திய அமைச்சர் ஹோர்ஸ்ட் ஸீஹோஃபரும் சமூக ஜனநாயகக் கட்சியின் நாடாளுமன்றத் தலைவர் பீட்டர் ஸ்ட்ரக்கும் தங்கள் நோக்கியா கைப்பேசிகளைக் கைவிடுவதாகச் சொன்னார்கள். நிதியமைச்சர் பேர் ஸ்டைன்புரூக் இதைக் 'கூடாரம் பெயர்க்கும் முதலாளித்துவம்' என்ற பொருளில் சாடினார். வடக்கு ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநில முதல்வர் யூர்கன் ரூட்கர்ஸ் இன்னும் கடுமையாக, நோக்கியாவை 'மானிய வெட்டுக்கிளி' என்றார்.

அந்தச் சொல்லுக்குப் பின்னே ஒரு கணக்கு இருந்தது. 1990-களின் பிற்பகுதியில் மாநிலமும் மத்திய அரசும் சேர்ந்து இந்த ஆலைக்கும் அதன் ஆராய்ச்சிக்கும் கொடுத்த மானியம் சுமார் 8.8 கோடி யூரோ. அதற்கு ஈடாக ஆலையில் சுமார் 2,860 நிரந்தர வேலைகளைத் தக்கவைக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனைக்கு ஓர் இறுதித் தேதி இருந்தது: 2006 செப்டம்பர் 15. மூடல் அறிவிப்பு வந்தது அதற்குப் பதினாறு மாதம் கழித்து.

இந்த விவகாரம் முழுவதிலும் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் இதுதான். மேடையில் வீசப்பட்ட வெட்டுக்கிளிப் பட்டம் செய்தியானது. ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட அந்தத் தேதிதான் காரியத்தை முடிவு செய்தது. தேதி கடந்துவிட்டதால், 'ஆலையை மூடினாய், பணத்தைத் திருப்பிக் கொடு' என்று மாநிலத்தால் கேட்க முடியவில்லை. ஆகவே வேறு வழி தேடினார்கள். நிபந்தனைக் காலத்துக்குள்ளேயே சில ஆண்டுகளில் வேலைகளின் எண்ணிக்கை குறைந்திருந்தது என்று கூறி 4.1 கோடி யூரோவையும் வட்டியையும் கேட்டார்கள். நோக்கியா மறுத்தது. கடைசியில் போஹுமில் புதிய வேலைகளை உருவாக்கும் திட்டத்துக்கு நிறுவனம் 2 கோடி யூரோ தருவது என்று சமரசம் ஏற்பட்டது.

சம்பளம் மட்டும்தானா?

ருமேனியாவில் கூலி ஜெர்மனியின் கூலியில் ஒரு சிறு பங்கு. இதை நோக்கியாவே மறைக்கவில்லை. ஆனால் கைப்பேசி ஆலையின் செலவில் கூலி சிறு பகுதிதான்; பெரும்பகுதி உதிரிபாகங்களுக்குப் போகிறது. திரை, பேட்டரி, சில்லு, சார்ஜர் எல்லாம் பெரும்பாலும் ஆசியாவிலிருந்து வருகின்றன. ஆலையில் நடப்பது அவற்றைப் பூட்டுவது, மென்பொருளை ஏற்றுவது, சோதிப்பது, பெட்டியில் இட்டு அனுப்புவது. பூட்டும் வேலைக்குக் கனமான இயந்திரம் தேவையில்லை. இரும்பாலையைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. கைப்பேசி ஆலையின் பூட்டும் வரிசையைச் சில மாதங்களில் பிரித்து வேறு கண்டத்தில் ஓட்டிவிடலாம்.

ஆகவே கூலி ஒரு காரணம் என்றால், உதிரிபாகம் தருபவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது இன்னொரு காரணம். காலப்போக்கில் இரண்டாவதே வலுவானது என்பதை அடுத்த ஊர் காட்டியது.

இடம்பெயர்வு பெரும்பாலும் இடம்பெயர்வு என்ற பெயரோடு வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் 'விரிவாக்கம்' வரும். ருமேனியாவில் புதிய ஆலை கட்டப்போவதாக நோக்கியா 2007 மார்ச்சில் அறிவித்தபோது, போஹுமை மூடுவதாக யாரும் சொல்லவில்லை. புது ஆலை ஓடத் தயாரான பிறகுதான் பழைய ஆலை 'போட்டித்திறன் இல்லாதது' ஆகிறது. எந்த நாட்டிலும், எந்தத் தொழிலிலும் ஒரு நிறுவனம் அதே பொருளுக்கு இன்னோர் ஆலை கட்டுகிறது என்று செய்தி வந்தால், அன்றே தொழிற்சங்கம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த ஆலை முழு அளவில் ஓடும்போது நம் ஆர்டர் எவ்வளவு? பதிலை எழுத்தில் கேட்க வேண்டும். மிகைநேர வேலை நின்று, தற்காலிகத் தொழிலாளர்களை அனுப்பத் தொடங்கியபின் கேட்பதில் பயனில்லை.

போஹும் பெற்றது

ஜெர்மன் சட்டப்படி, ஊழியர்களே தேர்ந்தெடுக்கும் ஊழியர் மன்றம் இருக்கும் நிறுவனத்தில் பெரிய அளவில் ஆட்குறைப்பு நடந்தால் நிர்வாகம் மன்றத்தோடு பேசியாக வேண்டும். மூடுவதைத் தடுக்கும் அதிகாரம் மன்றத்துக்கு இல்லை. ஆனால் 'சமூகத் திட்டம்' எனப்படும் இழப்பீட்டு ஏற்பாட்டை வற்புறுத்திப் பெறும் உரிமை உண்டு. உடன்பாடு ஏற்படாவிட்டால் சமரசக் குழு அதை விதிக்கலாம்.

2008 ஏப்ரலில் முடிவான சமூகத் திட்டத்தின் மதிப்பு 20 கோடி யூரோ. 2,300 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்குச் சராசரியாக 85,000 யூரோவுக்கு மேல். வயது, பணிக்காலம் இவற்றுக்கேற்பக் கூடும், குறையும். கூடவே ஒரு மாறுதல் நிறுவனம். வேலை இழப்பவர் நேராக வேலையில்லாதோர் பட்டியலுக்குப் போகாமல், அதிகபட்சம் ஓராண்டு இந்த நிறுவனத்தின் ஊழியராக இருந்து, பயிற்சி பெற்று, வேலை தேடுவார். அந்தக் காலத்தில் அவருக்குக் கிடைக்கும் ஊதியத்தின் பெரும்பகுதியை அரசின் வேலைவாய்ப்பு முகமை தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உலகமயமாதல் சரிசெய்தல் நிதியிலிருந்தும் 1,300-க்கும் மேற்பட்டோரின் மறுபயிற்சிக்காகச் சுமார் 55 லட்சம் யூரோ வந்தது.

ஆலையிலிருந்த தற்காலிகத் தொழிலாளர்கள் இந்தக் கணக்கில் இல்லை. அவர்கள் அதே வரிசையில் நின்று அதே கைப்பேசியைப் பூட்டியவர்கள். ஆனால் சட்டத்தின் பார்வையில் அவர்களுடைய முதலாளி வேறு ஒருவர். சமூகத் திட்டம் அவர்களைத் தொடாது. ஆலை மூடும் செய்திகளில் வரும் எண்ணிக்கையை நான் ஒருபோதும் அப்படியே நம்புவதில்லை. 2,300 என்பது சம்பளப் பட்டியலின் எண். வெளியே போனவர்களின் எண் அதைவிடப் பெரியது.

பொறியாளர்கள் நிலை வேறு. பிளாக்பெர்ரி கைப்பேசிகளைத் தயாரித்த கனடிய நிறுவனம் அதே 2008-இல் போஹுமில் ஆராய்ச்சி மையம் திறந்து, நோக்கியாவின் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்த பலரை எடுத்துக்கொண்டது. 2014-இல் அந்த மையத்தை ஃபோக்ஸ்வாகன் வாங்கி, கார்களுக்கான மென்பொருள் செய்ய வைத்தது. அறிவு ஊரிலேயே தங்கியது, அதற்கு வேலையும் கிடைத்தது. பூட்டும் வரிசையில் இருபது ஆண்டு நின்றவருக்கு அப்படி ஒரு மறுபிறப்பு அமையவில்லை. அதே 2014 டிசம்பரில், மூடிய சுரங்க நிலத்தில் 1962 முதல் ஓடிய ஓபல் கார் ஆலையும் போஹுமில் நின்றது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள்.

நீண்ட காலம் ஒரே இடத்தில் வேலை பார்த்தவர் ஆலை மூடலில் வெளியேறினால் என்ன ஆகிறது என்பதை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத் தொழிலாளர்களை வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். 1993-இல் வெளியான ஆய்வு, வேலை போய் ஐந்தாறு ஆண்டு கழிந்தும் அவர்களுடைய வருமானம், வேலை போகாதிருந்தால் கிடைத்திருக்கக் கூடியதைவிட நான்கில் ஒரு பங்கு குறைவாகவே இருந்ததைக் காட்டியது. 2009-இல் வந்த இன்னோர் ஆய்வு அதே மாநிலத்து ஆண் தொழிலாளர்களின் இறப்பைக் கணக்கெடுத்தது. வேலை இழந்த உடனடிக் காலத்தில் இறப்பு விகிதம் 50 முதல் 100 சதவீதம் வரை கூடியிருந்தது. இருபது ஆண்டுக்குப் பிறகும் 10 முதல் 15 சதவீதம் கூடுதலாகவே இருந்தது. 85,000 யூரோ பெரிய தொகைதான். ஆனால் நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு வரப்போகும் இருபது ஆண்டு வருமானத்தில் கால் பங்கு குறைவது என்றால், அந்தத் தொகை சில ஆண்டுகளில் கரைந்துவிடும்.

ஜுகு: மூன்றே முக்கால் ஆண்டு

ருமேனியாவில் குளூஜ் நகருக்கு அருகே ஜுகு என்ற கிராமம். 2008 பிப்ரவரியில் அங்கே உற்பத்தி தொடங்கியது. முதலீடு 6 கோடி யூரோ என்று அறிவித்திருந்தார்கள். உதிரிபாக நிறுவனங்கள் சுற்றிலும் வந்து அமரும், 'நோக்கியா கிராமம்' உருவாகும் என்று பேசப்பட்டது. எதிர்பார்த்த அளவில் அவை வரவில்லை.

2011 செப்டம்பர் 29 அன்று, ஜுகு ஆலையை ஆண்டிறுதிக்குள் மூடுவதாக அறிவிப்பு வந்தது. வேலை இழப்பவர்கள் சுமார் 2,200 பேர். ஆசியாவிலுள்ள பெரிய ஆலைகளில் உற்பத்தி அளவும் உதிரிபாகம் தருவோரின் அருகாமையும் கூடுதல் பலன் தருகின்றன என்பதே நிறுவனம் சொன்ன காரணம். கூலி குறைவு என்று போஹுமிடமிருந்து வேலையைப் பெற்ற கிராமம், கூலி உயர்வதற்கு முன்பே அதை இழந்தது. குறைந்த கூலியே தங்கள் பலம் என்று நம்பி முதலீட்டை அழைக்கும் எல்லா அரசுகளும் ஜுகுவை ஒருமுறை பார்க்க வேண்டும்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2011-இல் நோக்கியா 2008-இன் நோக்கியாவாக இல்லை. ஐபோனும் ஆண்ட்ராய்டும் அதன் சந்தையைத் தின்றுகொண்டிருந்தன. போஹுமை மூடியது லாபத்தில் மிதந்த நிறுவனம், ஜுகுவை மூடியதோ சரிந்துகொண்டிருந்த நிறுவனம். காரணம் மாறினாலும் வாசலுக்கு வெளியே நின்றவர்களுக்கு அது ஆறுதலாக இருந்திருக்காது.

பணிக்காலத்தை வைத்துக் கணக்கிடும் எந்த இழப்பீடும் நான்கு ஆண்டுகூட நிறையாத ஆலையில் சொற்பமாகத்தான் வரும். ஐரோப்பிய நிதியிலிருந்து ருமேனியாவுக்கு வந்தது சுமார் 29 லட்சம் யூரோ. ஜுகுவைக் காப்பாற்றியது வேறொன்று. கட்டடம் காலியாக நீண்ட நாள் கிடக்கவில்லை. 2012-இல் இத்தாலியின் தெலோங்கி நிறுவனம் காபி இயந்திரம் செய்ய அதை வாங்கியது. பக்கத்திலேயே போஷ் நிறுவனமும் ஆலை அமைத்தது. தொழிற்பூங்கா உள்ளூர் நிர்வாகத்தின் கையில் இருந்தது, அருகிலேயே பல்கலைக்கழக நகரம். ஒருவர் போனதும் இன்னொருவரைக் கூட்டி வரக்கூடிய நிலையில் ஊர் இருந்தது.

பிறந்த மண்ணும் தப்பவில்லை. 2012 பிப்ரவரியில் ஹங்கேரியின் கொமாரோம், மெக்சிகோவின் ரெய்னோசா, பின்லாந்தின் சாலோ ஆகிய மூன்று ஊர்களில் 4,000 வேலைகள் போகும் என்று அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு சாலோவில் உற்பத்தி அடியோடு நின்றது. நோக்கியா பின்லாந்து நிறுவனம் என்ற பெருமையும் சாலோவைக் காக்கவில்லை.

ஸ்ரீபெரும்புதூர்

2005-இல் தமிழ்நாடு அரசோடு புரிந்துணர்வு ஒப்பந்தம். 2006 தொடக்கத்தில் உற்பத்தி. ஐரோப்பா இழந்த வேலை ஆசியாவுக்கு வந்த கதையில் ஸ்ரீபெரும்புதூர் வெற்றி பெற்ற பக்கம். உச்சத்தில் நேரடியாக மட்டும் சுமார் 8,000 பேர் வேலை பார்த்தார்கள். பெரும்பாலோர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள்; பெண்களே அதிகம். பலருக்குப் பள்ளி முடித்தவுடன் கிடைத்த முதல் வேலை, அவர்கள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள்.

இங்கே முடிவு வந்த வழி வேறு. தாய் நிறுவனத்துக்கு மென்பொருளுக்காக அனுப்பிய பணத்தில் வரி பிடிக்கவில்லை என்று 2013-இல் வருமான வரித்துறை சுமார் 2,000 கோடி ரூபாய் கேட்டது. ஆலைச் சொத்துகள் முடக்கப்பட்டன. ஏற்றுமதி என்று சொல்லி உள்நாட்டில் விற்றதாகக் கூறி மாநில வணிகவரித்துறை 2,400 கோடி ரூபாய் கேட்டது. நோக்கியா தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றபோது, 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் தந்தால்தான் ஆலையை மாற்றித் தரலாம் என்றது உச்ச நீதிமன்றம். 2014 ஏப்ரல் 25 அன்று விற்பனை முடிந்தது, இந்த ஆலை இல்லாமல்.

அதன் பிறகு ஸ்ரீபெரும்புதூர், மைக்ரோசாஃப்டுக்குக் கூலிக்குப் பூட்டித் தரும் ஆலையாகச் சில மாதம் ஓடியது. ஹனோய்க்கு அருகே பாக் நின் மாநிலத்தில் 2013-இல் தொடங்கிய வியட்நாம் ஆலை அப்போது தயாராக இருந்தது. 2014 ஜூலையில், கைப்பேசி உற்பத்தியை முக்கியமாக ஹனோயில் குவிக்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஆர்டர் நின்றது. 2014 நவம்பர் 1 அன்று ஆலையும் நின்றது. அடுத்த மாதமே, நோக்கியாவை நம்பியிருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் அங்கே உற்பத்தியை நிறுத்தியது.

வரிக் கோரிக்கை சரியா, தவறா என்று இங்கே தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எனக்குப் பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. முடக்கப்பட்ட சொத்துக்கு நீதிமன்றத்தில் பாதுகாப்பு இருந்தது, வரிப் பாக்கிக்கும் உத்தரவாதம் கேட்கப்பட்டது. அங்கே வேலை பார்த்தவர்களுக்கு அப்படி ஒரு பிணை கிடைக்கவில்லை.

இந்தியச் சட்டம் காகிதத்தில் ஜெர்மன் சட்டத்தைவிடக் கடுமையானது. அப்போது நடைமுறையிலிருந்த தொழில் தகராறுகள் சட்டப்படி, 100 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலையை மூட 90 நாள் முன்னதாக விண்ணப்பித்து அரசின் அனுமதி பெற வேண்டும். 2020-இன் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அந்த எல்லையை 300 ஆக்கியது. ஆனால் தொழிலாளர் தானே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் அது ஆட்குறைப்பு ஆகாது. விருப்ப ஓய்வுத் திட்டம் பிறப்பது இந்த இடைவெளியில்தான். 2014-இல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் அப்படி எழுதிக் கொடுத்தார்கள். இருபத்தைந்து வயதில் ஓய்வு, அதுவும் விருப்பத்தோடு! ஆர்டர் குறைந்துகொண்டிருக்கும்போது, இன்று கையெழுத்திட்டால் இவ்வளவு, நாளை என்ன கிடைக்குமோ தெரியாது என்ற நிலையில் போட்ட கையெழுத்து அது.

சட்டம் சொல்லும் குறைந்தபட்ச இழப்பீட்டையும் பார்த்துவிடலாம். நிறைவு செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம். 2006-இல் சேர்ந்து 2014-இல் வெளியேறியவருக்கு எட்டு ஆண்டு, அதாவது 120 நாள் சம்பளம். விருப்ப ஓய்வில் எவ்வளவு கொடுத்தாலும், பேரத்தின் அடிமட்டம் இந்த 120 நாள்தான். போஹுமில் பேரம் தொடங்கிய மட்டம் வேறு, ஏனென்றால் அங்கே ஊழியர் மன்றத்தின் ஒப்புதலோ சமரசக் குழுவின் முடிவோ இல்லாமல் நிர்வாகத்தால் கணக்கை முடிக்க இயலாது. அனுமதி கொடுக்கும் அதிகாரத்தை நம் சட்டம் அரசிடம் வைத்தது, ஜெர்மன் சட்டம் பேசும் அதிகாரத்தைத் தொழிலாளரிடம் வைத்தது. இரண்டு ஊர்த் தொழிலாளர் கொண்டுபோன தொகைகளுக்கு இடையிலான தூரத்தில் நாட்டின் வசதிக்குப் பங்கு உண்டு. இந்த வேறுபாட்டுக்கும் உண்டு.

புதிய ஆலைக்கு நிலமும் வரிச் சலுகையும் கொடுக்கும் ஒப்பந்தங்களில் எத்தனை வேலை என்று ஓர் எண் தவறாமல் இருக்கும். அந்த எண்ணுக்குள் ஒப்பந்தத் தொழிலாளர் உண்டா? எத்தனை ஆண்டுக்கு? போஹுமில் போல ஒரு தேதியோடு நிபந்தனை செத்துப்போகுமா, அல்லது சலுகை நீடிக்கும் வரை நீடிக்குமா? இடையில் போனால் தொழிலாளருக்காகத் தனியே கட்டிவைத்த தொகை இருக்கிறதா? ஆலை மூடிய பிறகு கட்டடமும் நிலமும் எத்தனை மாதத்தில் அரசிடம் திரும்பும்? கையெழுத்துப் போடும் மேசையில் நிறுவனத்துக்கு அவசரம் இருக்கும் நேரத்தில் கேட்டால் இவற்றுக்குப் பதில் வரும்.

ஸ்ரீபெரும்புதூரில் கட்டடம் திரும்ப ஐந்தாண்டு ஆனது. வரி வழக்கு 2018-இல் இந்தியாவும் பின்லாந்தும் பேசித் தீர்த்த பிறகே விற்பனைக்கு வழி பிறந்தது. முன்பு நோக்கியாவுக்குச் சார்ஜர் செய்து கொடுத்த சால்காம்ப் 2019-இல் ஆலையை வாங்கி, 2020-இல் வேலையைத் தொடங்கியது. இதற்கிடையே 2016-இல் வியட்நாம் ஆலையையும் மைக்ரோசாஃப்ட் விற்றுவிட்டது. வாங்கியது ஃபாக்ஸ்கானின் துணை நிறுவனம்.

2006-இல் இருபது வயதில் அந்த வாசலுக்குள் போன பெண்ணுக்கு, அதே வாசல் மீண்டும் திறந்தபோது முப்பத்து நான்கு வயது. பூட்டும் வரிசைக்கு இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்களைத்தான் எடுக்கிறார்கள்.